வெள்ளிக்கிழமைக்குள் ஒரு புத்தகம்

சீனி முகம்மது தகரப் பெட்டியைத் திறந்து இரண்டு புத்தகங்களைத் தலைமையாசிரியையின் மேஜைமேல் எடுத்து வைத்ததும் முத்தழகு டீச்சர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்று செங்கல் தடிமன். மற்றது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"எது வேணும்னு பாத்து வைங்க டீச்சரம்மா. இப்ப பாம்பன் வண்டியப் பிடிக்கப் போறேன். ராமேஸ்வரம், மண்டபம் பள்ளிக்கூடமெல்லாம் முடிச்சுட்டு, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுத கையோட இங்கன வந்துருவேன். ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ணத் திருப்பிக் குடுத்துருங்க."

கீழக்கரைக்காரரான சீனி முகம்மது, சென்னைப் புத்தகக் கம்பெனி ஒன்றுக்கு ஏஜெண்டாக இருபது வருஷமாய் இந்த ஜில்லாவின் பள்ளிக்கூடங்களைச் சுற்றி வருகிறவர். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பள்ளிக்கு எது போகும் என்று அட்டையைத் தடவியே சொல்லிவிடுவார்.

"ரெண்டையும் வச்சுக்கிற முடியாதா பாய்?"

"உங்களுக்கு அனுமதியே ஒண்ணுக்குத்தான்னு பெரிய டீச்சரம்மா சொல்றாக. அதுபோக மத்தத சனிக்கிழமை காரைக்குடி காலேஜுக்குக் குடுக்கிறதா வாக்குக் குடுத்துட்டேன். இனிமே வேணும்னா சீமையிலேர்ந்து கப்பல் வரணும். வைகாசி ஆயிரும், இன்ஷா அல்லா."

வைகாசி வந்து என்ன செய்ய? அவள் எழுதவேண்டிய எம்.ஏ. பரீட்சை சித்திரைக்கு முன்னாலேயே வருகிறது.

அது 1963ஆம் வருஷம், மாசி மாதம். சீனாச் சண்டை ஓய்ந்து மூன்று மாதமாகியிருந்தது. அந்தச் சூட்டில், ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் தேசப் பாதுகாப்பைப் பற்றி ஒரு நல்ல ஆங்கிலப் புத்தகம் இருக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. தலைமையாசிரியை கணக்குப் படித்தவர். "எனக்கு இதில ஒண்ணும் தெரியாது முத்தழகு. உங்க சப்ஜெக்ட். நீங்க எதைச் சொல்றீங்களோ அதுக்குக் கையெழுத்துப் போட்டுர்றேன். நீங்களே எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டு, பரீட்சை முடிஞ்சதும் அலமாரியில வைங்க," என்றார். நல்ல மனுஷி. ஆனால் அந்த நல்ல மனசுதான் பாரத்தை முழுக்க முத்தழகின் தலையில் இறக்கி வைத்தது.

முத்தழகு திருவாடானைப் பக்கத்து மிளகாய்க் காட்டில் பிறந்தவள். அவள் ஊரில் பெண்பிள்ளைகளில் முதலில் எட்டாவது தாண்டியவள், முதலில் பி.ஏ. முடித்தவள், முதலில் கைக்கடிகாரம் கட்டியவள். இந்த மூன்றில் ஊர் மன்னிக்காதது கைக்கடிகாரத்தை மட்டும்தான். முப்பத்திரண்டு வயதில், பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே, பிரைவேட்டாக எம்.ஏ. அரசியல் எழுதினாள். எல்லாத் தாளும் தேறிவிட்டது, ஒன்றைத் தவிர: சர்வதேச உறவுகள். போன வருஷம் நாலே மார்க்கில் போனது. இந்த ஏப்ரலோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது. இந்தத் தடவையும் போனால், தேறிய தாள்களெல்லாம் செல்லாமல் போய், முதலிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதவேண்டும். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி, எம்.ஏ. முடித்துவிட்டால் ஆனியில் வேலைக்கு வரலாம் என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதம் அரிசிப்பானைக்குள் இருந்தது. அதைப் பத்திரமான இடமென்று அங்கே வைத்தது அவளோடு இருக்கும் நாத்தனார், புருஷனின் அக்கா பூமயில்.

புத்தகங்களைத் துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில் ஓட்டு வீடு. பூமயில் கொல்லையில் உட்கார்ந்து சாளைமீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னத்த இப்படித் தூக்கிட்டு வார? பிள்ளையத் தூக்கிட்டு வாரது மாதிரி?"

"புத்தகம் மதினி. ரெண்டுல ஒண்ண எடுக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"உக்காரு. சொல்லு."

இது அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. முத்தழகு இங்கிலீஷில் படித்ததைத் தமிழில் பூமயிலுக்குச் சொல்லுவாள். பூமயிலுக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. ஆனால் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினால், அந்தப் பாடத்தைப் பரீட்சையில் எழுதிவிடலாம். "என்ன சொல்றே, விளங்கலியே" என்றால், விளங்காதது முத்தழகுக்குத்தான் என்று அர்த்தம். தேறிய தாள்களெல்லாம் இப்படி அடுப்படியிலும் கொல்லையிலும் தேறியவை. போன வருஷம் அந்தக் கடைசித் தாளுக்கு முன்னால் அறுப்புக்காக பூமயில் ஊருக்குப் போய்விட்டாள். முத்தழகு தனியாக உட்கார்ந்து ஒப்பந்தங்களின் தேதிகளையும் ஷரத்துகளையும் நெட்டுருப் போட்டாள். பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாளைப் பார்த்ததும் அத்தனையும் காக்கைக்கூட்டம் மாதிரிக் கலைந்து போயிற்று.

தடிப் புத்தகத்தைப் பிரித்தாள். "இது என்ன சொல்லுதுன்னா, உலகத்தில எல்லா நாடும் சேந்து ஒரு சபை வச்சுக்கணும். எவனாவது எவனையாவது அடிச்சா, மத்த எல்லாரும் சேந்து அடிச்சவனத் தட்டிக் கேக்கணும். அப்பத்தான் சண்டையே வராது."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"எல்லாரும் வருவாகன்னா ஒருத்தரும் வரமாட்டாக," என்றாள் பூமயில், ஒரு மீனின் தலையைக் கிள்ளி எறிந்தபடி. "அவன் போவான்னு இவன் இருப்பான். சரி, அந்த ஒல்லி என்ன சொல்லுது?"

"அது கூட்டுச் சேருற நாடுகளப் பத்தி. நேட்டோ, சீட்டோன்னு இருக்கில்ல? உன்ன அடிச்சா நான் வாரேன், என்னய அடிச்சா நீ வரணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கிறது."

"வருவானா?"

"அதத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. எப்ப வருவான், எப்ப வரமாட்டான்னு."

பூமயில் அருவாமனையை நிறுத்தினாள். "எங்க ஊரு கண்மாய்க்கும் அப்படித்தான் பேசி வச்சிருந்தாக. மேல ஊருக்காரன் மடையில கைய வச்சா, கொம்பு ஊதுனதும் கீழ ஊருக்காரவுக கம்போட வந்துரணும்னு. கோயில்ல வச்சு, சூடத்த அணைச்சுச் சத்தியம். ஊதுனாக. உங்க அண்ணனும் பத்துப் பேரும் கரையில நின்னாக. ஒருத்தன் வரல."

உங்க அண்ணன் என்றது பூமயிலின் புருஷனை. இடுப்பில் அடி வாங்கிப் படுத்தவர், இரண்டு வருஷம் கிடந்து போய்ச் சேர்ந்தார். முத்தழகு கல்யாணமாகி வருவதற்கு முந்திய கதை.

"ஏன் மதினி வரல?"

"அவுக வயல்ல அதுக்கு மொத நாளே தண்ணி நெறஞ்சிருச்சு. பெறகு எதுக்கு வாரான்?" பூமயில் மறுபடி மீனை எடுத்தாள்.

ஒல்லிப் புத்தகம்தான் என்று அந்த நிமிஷம் முத்தழகுக்குத் தோன்றியது. ராத்திரிச் சோற்றுக்கு முன்னாலேயே அந்தத் துணிவு போய்விட்டது. மூன்று வருஷத்துக் கேள்வித்தாள்களையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். போன வருஷம் பெரிய கேள்விகளில் மூன்று தடிப் புத்தகத்துச் சங்கதி. அதற்கு முந்தின வருஷம் மூன்று ஒல்லிப் புத்தகத்துச் சங்கதி. முதல் வருஷம் பாதிக்குப் பாதி. அதுபோக, சீனாச் சண்டைக்குப் பிறகு கேள்வி கேட்கிறவர் மனசில் என்ன ஓடும்? எந்தக் கூட்டிலும் சேராத தேசத்துக்கு அடி விழுந்ததே, கூட்டில் சேர்ந்திருந்தால் விழுந்திருக்குமா என்று கேட்பாரா? இல்லை, அந்தப் புண்ணைத் தொடவேண்டாமென்று சபையைப் பற்றியே கேட்பாரா?

புதன்கிழமை அவள் குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைப் பாதிவரை நடத்திவிட்டாள். ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. ஓய்வு நேரத்தில் தடிப் புத்தகத்தில் நாற்பது பக்கம், ஒல்லியில் முப்பது பக்கம் என்று மாற்றி மாற்றிப் படித்தாள். தடியைப் படிக்கும்போது, ஒல்லியை எடுத்திருந்தால் தோற்றிருப்பேன் என்று பதறியது. ஒல்லியை எடுத்தால் தடி பயமுறுத்தியது.

அவள் புருஷன் சோணைமுத்து ஸ்டேஷனில் சரக்கு கிளார்க். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன். சாப்பிட உட்கார்ந்தவனிடம் கேட்டாள்.

"ஏங்க, நீங்கதான் சொல்லுங்களேன்."

அவன் இரண்டையும் இரண்டு கையில் ஏந்தித் தூக்கிப் பார்த்தான். "இது ஒண்ணரை ராத்தலு இருக்கும். அது அரை ராத்தலு. எங்க ஆபீசுல கனத்துக்குத்தான் மரியாதை."

"விளையாடாதீங்க."

"பிறகு? நான் ஒண்ணச் சொல்லி, அது தப்பாப் போச்சுன்னா கெடக்குற காலம் பூரா என்னயப் பேசுவ. எனக்கு வேணாஞ் சாமி."

பூமயில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நான் ஒண்ணு சொல்றேன். பூக்கட்டிப் பாத்துருவோம்."

அவர்கள் குடும்பத்தில் பூக்கட்டிப் பார்க்காமல் மாடு வாங்கியதில்லை, கிணறு வெட்டியதில்லை, பெண்ணெடுத்ததில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொதிந்து சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். கட்டுகிறவர்தான் கேள்வியை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். சாமி முன்னால் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது.

"எம்.ஏ. பரீட்சைக்குக் கருப்பருகிட்டப் போயிப் புத்தகம் கேக்கிறதா?" என்று முத்தழகு சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள், கேட்டால்தான் என்ன என்றும் நினைத்தாள். யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. "சரி. வெள்ளைன்னா ஒல்லி, சிவப்புன்னா தடி. மறந்துறாதீக மதினி."

"எனக்கென்ன புத்தியா கெட்டுப்போச்சு?" என்றாள் பூமயில்.

வியாழக்கிழமை விடிந்ததும் இருவரும் கருப்பர் கோயிலுக்குப் போனார்கள். பூமயில் குளித்த ஈரத்தலையோடு வெள்ளரளியையும் செவ்வரளியையும் பூவரச இலையில் பொதிந்து நூல் சுற்றினாள். கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். பூசாரி மூக்கையா பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, கருப்பரு ஒறங்கிருவாரு போலருக்கே," என்றார். பிறகு அவர் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை பூமயில் பிரித்தாள்.

சிவப்பு.

முத்தழகுக்கு இரண்டு நாளாய் இறுகிக் கிடந்த தோள் தளர்ந்தது. தடி. சரி, தடி. பூமயிலின் முகமும் மலர்ந்துவிட்டது. வழியில் நின்று மல்லிகை வாங்கி முத்தழகின் தலையில் வைத்துவிட்டாள். மத்தியானம் யாரும் கேட்காமல் பணியாரம் சுட்டாள். ஒரு புத்தகத்துக்கா இத்தனை சந்தோஷம் என்று முத்தழகுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒல்லிப் புத்தகத்தைப் பழைய செய்தித்தாளில் பொதிந்துகொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து வந்த பூமயில் அதைப் பார்த்தபடி நின்றாள்.

"அத ஏன் பொதியுற?"

"இன்னிக்கு பாய் வாராருல்ல. திருப்பிக் குடுக்கணும். சாமிதான் சிவப்பச் சொல்லிருச்சே."

பூமயில் கையிலிருந்த அகப்பையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

"ஏத்தா, நான் அதக் கேக்கல."

"எத?"

"புத்தகத்த."

"பெறகு என்னத்தக் கேட்டீக?"

"நீ மதுரைக்குப் போவியா, இங்கனயே இருப்பியான்னு கேட்டேன். வெள்ளைன்னா போவ. செவப்புன்னா இருப்ப." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "புத்தகத்தத்தான் கேக்கணும்னு போனேன். கண்ண மூடுனதும் அதுதான் வந்துச்சு."

முத்தழகு பாதி பொதிந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நான் பெயிலா?"

"பெயிலுன்னா நான் கேட்டேன்?"

"பாஸானா எதுக்கு இங்கன இருக்கப்போறேன்? இங்கனயே இருப்பேன்னு சாமி சொல்லுதுன்னா அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

பூமயில் வாயில் கையை வைத்தாள். "ஆத்தாடி! அத நான் நெனைக்கலியே."

புத்தகத்தைப் பற்றி மட்டும் கருப்பர் சொல்லியிருந்தால் முத்தழகு அதை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு போயிருப்பாள். தன் தலையெழுத்தைப் பற்றியே சொல்லிவிட்டாரென்று கேட்டதும், படித்த படிப்பெல்லாம் ஒரு பக்கம் நிற்க, பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"நான் படிக்கணும்னதும் ஊரே ஒரு மாதிரிப் பேசுச்சு. நீங்கதான் 'நான் இருக்கேன், வீட்ட நான் பாத்துக்கிறேன், நீ படி'ன்னீக. அத நம்பித்தான் இறங்குனேன். இப்ப நீங்களே சாமிகிட்டப் போயி நான் போகக்கூடாதுன்னு கேட்டு நிக்கிறீக."

"போகக்கூடாதுன்னு கேக்கல. போவியான்னுதான் கேட்டேன்." பூமயிலின் குரலும் ஏறியது. "ரெண்டு வருசமா சோறாக்கிப் போட்டேன்ல? நீ சொன்னதையெல்லாம் உக்காந்து கேட்டேன்ல? நீ வேலைக்குப் போயிட்டா, தம்பியும் மாத்தல் வாங்கிட்டு உம்பின்னாலயே வந்துருவான். நான் எங்கன போறது? ஊருக்கா? அந்தக் கண்மாய்க் கரைக்கா?"

முத்தழகு இரண்டு புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

முதல் பாடவேளை ஓய்வு. ஆசிரியைகள் அறையில் யாருமில்லை. மத்தியானத்துக்குள் சொல்லியாக வேண்டும். இனிக் கேட்பதற்கு ஆளும் இல்லை, சாமியும் இல்லை. பொதிந்த தாளைப் பிரித்து, ஒல்லிப் புத்தகத்தில் புதன்கிழமை ஓட்டமாய்ப் படித்த அதிகாரத்தை மறுபடி எடுத்தாள். கூட்டுச் சேர்ந்த நாட்டுக்கு இரண்டு பயம் உண்டு என்று எழுதியிருந்தது. தனக்குச் சம்பந்தமில்லாத சண்டைக்குக் கூட்டாளி தன்னை இழுத்துக்கொண்டு போய்விடுவானோ என்பது ஒன்று. தனக்கு ஒரு கஷ்டம் வரும்போது தன்னைத் தனியே விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்பது மற்றது. இந்த இரண்டாவது பயம் முற்றிய நாடு, பகைவனின் காலை விட்டுவிட்டுக் கூட்டாளியின் காலைத்தான் முதலில் பிடித்து இழுக்கும்.

புதன்கிழமை அதைத் தமிழாக்கிப் பார்த்தபோது சொல் சொல்லாகத் தட்டுத் தடுமாறியது. இப்போது ஆக்கவேண்டிய அவசியமே வரவில்லை. அகப்பையைத் துடைத்துக்கொண்டு பூமயில் நின்ற நிலை கண்முன் வந்தது. கீழ ஊரின் நிறைந்த வயல் வந்தது. அவள் ஒரு தாளை எடுத்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்த அதிகாரத்தை ஒரு பரீட்சைக் கேள்விக்குப் பதிலாக எழுதிப் பார்த்தாள். நிற்காமல் மூன்று பக்கம் வந்தது. பிறகு தடிப் புத்தகத்தில் ஒரு அதிகாரத்தை அதேபோல் எழுதப் பார்த்தாள். முக்கால் பக்கத்தோடு பேனா நின்றது.

கேள்வி எதிலிருந்து வரும் என்று மூன்று நாளாகத் தன்னையே அரித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் தன்னைக் கைவிட்டது கேள்வி இல்லை; மனப்பாடம் செய்ததெல்லாம் பயம் வந்ததும் ஓடிவிட்டது. பயத்திலும் ஓடாமல் நிற்பது எதுவோ அதுதான் வேண்டும்.

மத்தியானம் சீனி முகம்மது வந்து பெட்டியைத் திறந்தார். "முடிவு பண்ணியாச்சா டீச்சரம்மா?"

"ஒல்லிய வச்சுக்கிறேன்."

"பெரிசா இருக்கிறதத்தான் எடுப்பீகன்னு நெனச்சேன். அலமாரியில வச்சா லெச்சணமா இருக்கும்."

தடிப் புத்தகம் பெட்டிக்குள் இறங்கும்போது அவள் கை தானாக நீண்டது. "ஒரு பத்து நிமிஷம் பாய். பொருளடக்கத்த மட்டும் எழுதிக்கிறேன்."

"எழுதுங்க, எழுதுங்க. பஸ்ஸு நாலு மணிக்குத்தான்." அவர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமாயிற்று. கடைசியில், "விட்டா முழுப் புத்தகத்தையும் எழுதிருவீக போலருக்கே. காரைக்குடிக்காரவுக என்னயக் கோவிப்பாக," என்று சிரித்துக்கொண்டே கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மூன்று நாள் முத்தழகும் பூமயிலும் பேசிக்கொள்ளவில்லை. வேண்டியதை சோணைமுத்து மூலமாகச் சொல்லிக்கொண்டார்கள். "நான் என்ன தந்தி ஆபீஸா?" என்று அவன் சலித்துக்கொண்டான். நாலாம் நாள் முத்தழகு கொல்லையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கையில், பூமயில் புளியை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுக்க ஆரம்பித்தாள். முகத்தைப் பார்க்காமல், "எதுவரைக்கும் வந்திருக்கு? சொல்லு," என்றாள்.

முத்தழகு சொன்னாள். அன்று அந்த இரண்டு பயத்தைப் பற்றிய பாடம். எந்த நாட்டின் பெயரையும் மாற்றாமல், புத்தகத்தில் இருந்தபடியே சொன்னாள். கேட்டு முடித்து பூமயில் தலையை ஆட்டவில்லை. விளங்கவில்லை என்றும் சொல்லவில்லை. புளியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பரீட்சையில் பெரிய கேள்விகள் எட்டு, ஐந்து எழுதவேண்டும். எட்டில் நாலு தடிப் புத்தகத்துச் சங்கதி. முத்தழகு மறுபடி ஒரு தரம் எண்ணிப் பார்த்தாள். ஒல்லியை வைத்து நாலு கேள்விக்கு நிறைய எழுதினாள். ஐந்தாவதற்கு, எழுதிவைத்த பொருளடக்கத்தை நினைவில் ஓட்டி, இருந்ததை வைத்து ஒன்றரைப் பக்கம் கட்டினாள். வெளியே வந்தபோது அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. அதற்கப்புறம் ஒன்பது வாரம் அவளால் ஒரு வாய்ச் சோற்றை ருசித்துத் தின்ன முடியவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினாலே கொல்லைக்குப் போய்விடுவாள்.

ஆனி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், சோணைமுத்து வேலையைப் போட்டுவிட்டுச் செய்தித்தாளோடு வீட்டுக்கு வந்தான். அலட்டிக்கொள்ளாத மனுஷன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவளுடைய பரீட்சை எண்ணை விரலால் தொட்டுக் காட்டினான். முத்தழகு ஒவ்வொரு இலக்கமாய் மூன்று தடவை படித்தாள். மூன்றாம் வகுப்புதான். இருந்தாலும் எண் இருந்தது.

பூமயில் உள்ளே போய் அரிசிப்பானைக்குள் கையை விட்டுக் கல்லூரிக் கடிதத்தை எடுத்து, தவிட்டைத் தட்டிக் கொடுத்தாள்.

"மதுரையில எங்கன வீடு பாப்பீக?"

"இன்னும் தெரியல மதினி. மூணு பேருக்கு ஆகுற மாதிரிப் பாக்கணும்."

"நான் வாரேன்னு சொல்லலியே."

"வரலன்னும் சொல்லலியே."

"ரெண்டு பேரும் ஏறிப் போறதுக்கு வண்டியா நிக்கிது?" என்றான் சோணைமுத்து. "மொதல்ல எனக்கு மாத்தல் கெடைக்கணும். மதுரைக்கு எழுதிப் போட்டவன் இருபது பேரு இருக்கான். கெடைக்கலேன்னா ஆளுக்கொரு ஊருல கெடக்க வேண்டியதுதான்."

மாத்தல் கிடைக்காமல் போகலாம் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. முத்தழகின் முகம் மறுபடி சுருங்கியது. கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள்; வேலையில் சேர இன்னும் மூன்று வாரமே இருந்தது.

பூமயில் தம்பியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி அவன் கையில் திணித்தாள்.

"ஏலே, பிறகு என்னத்துக்கு நிக்கிற? உக்காரு. இப்பவே எழுது."